டாமினோவில் கோளாறு: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது

"டேட்டாபேஸ் கரப்ட் ஆயிடுச்சு சார்" என்று போன் வந்தால் முதலில் நம்பாதீர்கள். டாமினோ என்பது மெயிலையும் நோட்ஸ் பயன்பாடுகளையும் ஓட்டும் சர்வர் மென்பொருள். அந்த சர்வர்களைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய புதிதில், இதைக் கேட்டதுமே கன்சோலுக்கு ஓடி ஃபிக்ஸப் என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஏவிவிடுவேன். அது அரை மணி நேரம் ஓடி முடியும், ஒரு பிழையும் சிக்காது, போன் மட்டும் மறுபடி வரும். கோப்பு நன்றாகத்தான் இருந்திருக்கும். கோளாறு வேறெங்கோ.

அதனால் இப்போதெல்லாம் கன்சோலைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கிறேன். யார் பெயரில் திறக்கிறீர்கள்? எந்த சர்வரில் இருக்கும் பிரதியில்? எப்போதிலிருந்து இப்படி? டாமினோவில் மனிதர், சர்வர், ஏஜென்ட் (தானாகவோ ஏவினாலோ ஓடும் சிறு நிரல்) எல்லாருக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு என்ன உரிமையோ அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். ஒரே ஆவணம் பல பிரதிகளில் வாழும். எல்லாப் பிரதியும் ஒரே நேரத்தில் ஒரே நிலையில் இருக்கும் என்ற உறுதி கிடையாது. கீழே வரும் அறிகுறிகளில் முக்கால்வாசி இந்த மூன்று கேள்விக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது கேள்விக்கு ஒரு அவசரமும் உண்டு. சர்வரின் லாக் கோப்பு வழக்கமான அமைப்பில் 7 நாள் பதிவுகளைத்தான் வைத்திருக்கும். "ரெண்டு வாரமாவே இப்படித்தான்" என்று சாவகாசமாகச் சொல்பவரின் முதல் நாள் பதிவு அதற்குள் போய்விட்டிருக்கும். நோட்ஸ் ஐ.என்.ஐ. கோப்பில் லாக் வரியில் இருக்கும் அந்த 7-ஐ 14 ஆகவோ 21 ஆகவோ மாற்றி வைப்பது, வட்டில் இடமிருந்தால், நல்ல முதலீடு.

ஒரு சர்வரில் இருக்கும் ஆவணம் இன்னொன்றில் இல்லை

அதிகமாக வரும் புகார் இதுதான். தப்பான இடத்தில் அதிக நேரம் வீணாவதும் இதில்தான்.

முதலில் இரண்டு கோப்பும் உண்மையிலேயே ரெப்ளிகாக்கள்தானா, அதாவது ரெப்ளிகேஷன் மூலம் மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளும் பிரதிகள்தானா என்று பாருங்கள். டேட்டாபேஸ் பண்புகளில் தகவல் தாவலுக்குப் போனால் ரெப்ளிகா ஐடி கிடைக்கும்: எட்டு எழுத்து, நடுவே முக்காற்புள்ளி, மறுபடி எட்டு எழுத்து. இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். யாராவது 'நியூ ரெப்ளிகா'வுக்குப் பதிலாக 'நியூ காப்பி' கொடுத்திருந்தால், பெயர், தலைப்பு, படம் எல்லாம் ஒன்றாக இருக்கும், ஐடி மட்டும் வேறாக இருக்கும். அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளவே கண்டுகொள்ளா.

ஐடி ஒன்றுதான் என்றால் அடுத்த சோதனை. அட்மினிஸ்ட்ரேட்டர் கிளையன்ட்டில் 'ஃபுல் ஆக்சஸ் அட்மினிஸ்ட்ரேஷ'னை இயக்கிவிட்டு, ஆவணம் இல்லை என்று சொல்லப்பட்ட சர்வரில் அந்தக் கோப்பைத் திறங்கள். இதற்கு சர்வர் ஆவணத்தில் அதற்கான ஃபீல்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இந்த நிலையில் ஏ.சி.எல்.லும் (கோப்பில் யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியல்) ரீடர்ஸ் ஃபீல்டும் (ஓர் ஆவணத்தை யார் படிக்கலாம் என்ற பெயர்ப் பட்டியல்) உங்களைத் தடுக்காது, என்க்ரிப்ட் செய்த உள்ளடக்கம் மட்டும் திறக்காது. இப்போது ஆவணம் தெரிந்தால் அது ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது, புகார் சொன்னவரின் பெயருக்குத்தான் உரிமை இல்லை. இப்போதும் தெரியவில்லையா, ஆவணம் வரவே இல்லை. பெரும்பாலும் உரிமை இல்லாதது சர்வருக்கு.

இந்த இரண்டாவது நிலைமையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ரீடர்ஸ் ஃபீல்டு மனிதர்களை மட்டுமல்ல, சர்வர்களையும் கட்டுப்படுத்தும். மூல சர்வரிலிருந்து ஆவணத்தை எடுக்க வரும் சர்வரின் பெயர் அந்த ஃபீல்டில் இல்லை என்றால், அதைப் பொறுத்தவரை அந்த ஆவணம் உலகத்திலேயே இல்லை. இல்லாத ஒன்றை எடுக்க முடியவில்லை என்று எப்படிப் பிழை காட்டும்? லாகில் ரெப்ளிகேஷன் வெற்றி என்றுதான் பதிவாகும். கொடுமையே அதுதான்.

ஒப்புதல் பயன்பாடு ஒன்றை எழுதியபோது நானே இதில் மாட்டினேன். விண்ணப்பித்தவர், அவருடைய மேலாளர், கணக்குப் பிரிவு ஆகிய மூன்றையும் ரீடர்ஸ் ஃபீல்டில் போட்டிருந்தேன். ஒரே சர்வரில் சோதித்தேன், அழகாக ஓடியது. இரண்டாவது சர்வருக்குக் கொண்டுபோன வாரத்தில்தான் வேடிக்கை. ஆரம்ப நிலையில் ஃபீல்டு காலியாக இருக்கும்படி எழுதியிருந்தேன். ரீடர்ஸ் ஃபீல்டு காலி என்றால் யாரும் படிக்கலாம், எனவே புதிய விண்ணப்பங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. மேலாளரிடம் அனுப்பியதும் ஃபீல்டு நிரம்பியது. அதற்குப் பிறகு நடந்த எந்த மாற்றமும் போகவில்லை. இங்கே 'அனுமதிக்கப்பட்டது', அங்கே அதே விண்ணப்பம் 'நிலுவை'. இரண்டு பக்கமும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரிசெய்த விதம் இதுதான். ஏ.சி.எல்.லில் சர்வர்களுக்கென்று ஒரு ரோல் உருவாக்கி, அதை நம் சர்வர்கள் அடங்கிய 'லோக்கல்டொமைன்சர்வர்ஸ்' குழுவுக்குக் கொடுத்தேன். படிவத்தில் அந்த ரோலை மட்டும் வைத்துக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத ரீடர்ஸ் ஃபீல்டு ஒன்றைச் சேர்த்தேன். ஓர் ஆவணத்தில் பல ரீடர்ஸ் ஃபீல்டு இருந்தால் எல்லாவற்றிலும் உள்ள பெயர்களின் கூட்டுத்தொகைக்கும் அனுமதி கிடைக்கும், அதனால் பழைய ஃபீல்டைத் தொட வேண்டியதில்லை. பழைய ஆவணங்களில் இதைச் சேர்க்க ஓர் ஏஜென்ட் ஓட்ட வேண்டியிருந்தது. பாதி ஆவணங்கள் எனக்கே தெரியாதவை என்பதால் அதையும் முழு உரிமை நிலையில்தான் ஓட்டினேன்.

கோடு எழுதி ஆவணம் உருவாக்குபவர்கள் இன்னும் இரண்டை கவனிக்க வேண்டும். டாமினோவின் நிரல் மொழியான லோட்டஸ்ஸ்கிரிப்ட்டில் புதிதாகச் சேர்க்கும் ஐட்டத்துக்கு 'ஈஸ்ரீடர்ஸ்' என்ற கொடியை உண்மை என்று வைத்தால்தான் அது ரீடர்ஸ் ஃபீல்டு, இல்லாவிட்டால் வெறும் எழுத்து. பெயரும் முழு வடிவில், 'சி.என்.', 'ஓ.' பகுதிகளோடு இருக்க வேண்டும். சுருக்க வடிவில் போட்டால் பார்க்கச் சரியாக இருக்கும், உரிமை கிடைக்காது. சந்தேகம் வந்தால் ஆவணப் பண்புகளில் ஃபீல்டு பட்டியலைத் திறந்து, அந்த ஃபீல்டின் கொடிகளில் 'ரீட் ஆக்சஸ்' என்று இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.

ரீடர்ஸ் ஃபீல்டே இல்லாத ஆவணமும் வரவில்லை என்றால் ஏ.சி.எல்.லில் இரண்டு சர்வரும் ஒன்றுக்கொன்று என்ன நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். 'எடிட்டர்' நிலையில் இருக்கும் சர்வர் ஆவணங்களைத் தள்ளும், வடிவமைப்பு மாற்றத்தைத் தள்ளாது. அதற்கு 'டிசைனர்' வேண்டும், ஏ.சி.எல். மாற்றத்துக்கு 'மேனேஜர்' வேண்டும். "டேட்டா வருது, புது பட்டன் வரல" என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ரெப்ளிகேஷன் அமைப்பில் யாராவது எந்த ஆவணங்கள் மட்டும் வர வேண்டும் என்ற தேர்வு ஃபார்முலா எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? சர்வரின் கடிகாரம் எப்போதாவது முன்னே தாவியிருக்கிறதா என்று விசாரியுங்கள். கடைசியாக எந்த நேரம்வரை எடுத்தோம் என்பதை ரெப்ளிகேஷன் ஹிஸ்டரி குறித்துவைக்கும். அதில் எதிர்காலத் தேதி பதிந்துவிட்டால் இடையில் மாறியவை கண்ணில் படாமல் போகும். ஹிஸ்டரியை அழித்தால் அடுத்த முறை முழுக் கோப்பையும் ஒப்பிடும். பெரிய கோப்பு என்றால் இரவில் செய்யுங்கள்.

அழித்த ஆவணம் திரும்ப வந்து நிற்கிறது

கிணறு வெட்டாமலேயே பூதம் கிளம்பும் கதை இது. ஆவணத்தை அழித்தால் டாமினோ அந்த இடத்தில் 'டெலிஷன் ஸ்டப்' என்ற சின்ன அடையாளத்தை விட்டுவைக்கும். மற்றப் பிரதிகளுக்கு அழிப்புச் செய்தியைக் கொண்டுபோவது அதுதான். ஸ்டப்புக்கும் ஆயுள் உண்டு, வழக்கமான அமைப்பில் 90 நாள். அதற்கு மேல் பெட்டிக்குள் கிடந்த மடிக்கணினி ஒன்று திடீரென்று உயிர்பெற்று ரெப்ளிகேட் செய்தால், அதிலிருக்கும் பழைய ஆவணங்களை அழித்ததாகச் சொல்ல யாரும் இல்லை. சர்வர் அவற்றைப் புதியவை என்று நினைத்து வரவேற்றுவிடும்.

வந்த பூதங்களை அடையாளம் காண்பது எளிது. பழைய தேதியில் உருவாக்கப்பட்டிருக்கும், ஆனால் 'இந்தக் கோப்பில் சேர்ந்த நேரம்' இன்றைக்கு என்று காட்டும். @ஆடட்டுதிஸ்ஃபைல் என்ற ஃபார்முலாவை ஒரு தற்காலிக வியூவின் (ஆவணங்களைப் பட்டியலிடும் பக்கம்) நெடுவரிசையில் போட்டு வரிசைப்படுத்தினால் எல்லாம் ஒரே கும்பலாக வந்து நிற்கும். இன்றைக்கு நிஜமாகவே புதிதாக எழுதியவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை அழிக்கலாம். மறுபடி வராமலிருக்க 8.5.3 பதிப்பிலிருந்து 'பர்ஜ் இன்டர்வல் ரெப்ளிகேஷன் கன்ட்ரோல்' இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள்.

அந்த 90 என்ற எண் இருக்கும் இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 'இத்தனை நாளாக மாறாத ஆவணங்களை நீக்கு' என்ற வரியில்தான் அது இருக்கும். பக்கத்திலுள்ள கட்டத்தில் டிக் இல்லாவிட்டாலும் அந்த எண் ஸ்டப்பின் ஆயுளைத் தீர்மானிக்கும். டிக் போட்டால் ஆவணங்களையே நீக்கிவிடும். ஸ்டப்புக்காக எண்ணை மாற்றப்போன கை தவறி டிக்கையும் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் அழித்த அதே நேரத்தில் வேறு பிரதியில் ஒருவர் அதே ஆவணத்தைத் திருத்தியிருந்தாலும் அது திரும்பலாம். பொதுவாக அழிப்புதான் வெல்லும். ஆனால் அந்தப் பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருத்தியிருந்தாலோ, அழித்த பிறகு திருத்தியிருந்தாலோ திருத்தம் வெல்லும்.

நேற்று செய்த வடிவமைப்பு மாற்றத்தைக் காலையில் காணோம்

மாற்றத்தை நேரடியாகப் பயன்பாட்டுக் கோப்பில் செய்திருப்பீர்கள். அந்தக் கோப்பு ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து வடிவமைப்பைப் பெறுகிறது. வழக்கமான அமைப்பில் இரவு 1 மணிக்கு 'டிசைன்' டாஸ்க் ஓடி, டெம்ப்ளேட்டில் இருப்பதைக் கொண்டுவந்து உங்கள் வேலையின் மேல் எழுதிவிட்டது. மாற்றத்தை டெம்ப்ளேட்டில் செய்யுங்கள், அவ்வளவுதான். கோப்பு எதிலிருந்தும் பெறவில்லை என்று பண்புகள் காட்டியும் இது நடந்தால் அந்த ஒற்றைப் படிவத்தின் பண்பைப் பாருங்கள். வேறு கோப்பிலிருந்து ஒட்டியபோது 'டெம்ப்ளேட்டிலிருந்து பெறவா?' என்று கேட்டிருக்கும், பழக்க தோஷத்தில் 'ஆம்' கொடுத்திருப்பீர்கள்.

மெயில் போகவில்லை

'ஷோ டாஸ்க்ஸ்' கட்டளையில், மெயிலைக் கொண்டுசேர்க்கும் ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 'டெல் ரவுட்டர் ஷோ' கொடுங்கள். எந்த சர்வருக்கு எத்தனை மெயில் காத்திருக்கிறது, ஏன் என்று சொல்லும். காத்திருப்பவை எல்லாம் ஒரே சர்வருக்கு என்றால் அந்தப் பாதையில் சிக்கல், அங்கே 1352 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சர்வரும் ஒரே டாமினோ நெட்வொர்க்கில் இருந்தால் கனெக்ஷன் ஆவணம் தேவையில்லை, மெயில் உடனே போகும். வேறு வேறு நெட்வொர்க் என்றால் கனெக்ஷன் ஆவணத்தில் உள்ள அட்டவணைப்படிதான். அவசரக் கடிதம் ஒன்று அடுத்த நேரத்துக்காகச் சும்மா காத்துக்கொண்டிருக்கலாம்.

மெயில் பாக்ஸில் 'டெட்' என்று கிடப்பவை பெறுநருக்கும் போகாமல், போகவில்லை என்ற தகவலை அனுப்புநருக்கும் சொல்ல முடியாமல் நின்றவை. காரணத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே இடத்துக்குத் திரும்பும்.

ஒரே ஒருவர் மட்டும், ஒரே ஒருவருக்கு மட்டும் அனுப்ப முடியவில்லை என்றால் சர்வரை விட்டுவிடுங்கள். அவருடைய கிளையன்ட்டில் 'ரீசன்ட் காண்டாக்ட்ஸ்' பட்டியலில் பெறுநரின் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு எழுத்து தட்டியதும் அது தானாக நிரப்பிக்கொள்கிறது. அந்தப் பதிவை நீக்கினால் போதும்.

நேரம் வைத்த ஏஜென்ட் ஓடவில்லை

'டெல் ஏ.எம்.ஜி.ஆர். ஷெட்யூல்' என்பது கட்டளை. அதற்குள் எம்.ஜி.ஆர். ஒளிந்திருப்பதைப் பார்த்து முதல் முறை சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. இன்றைக்கு ஓட வேண்டிய ஏஜென்ட்களின் பட்டியல் வரும். அதில் உங்களுடையது இல்லை என்றால் இயக்கத்தில் இல்லை, அல்லது வேறு சர்வரில் ஓடும்படி அமைத்திருக்கிறீர்கள்.

பட்டியலில் இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால் கடைசியாக அதைச் சேமித்தவர் யார் என்று பாருங்கள். ஏஜென்ட் அவருடைய கையெழுத்தில், அவருடைய உரிமையோடு ஓடும். அவர் வேலையை விட்டுப் போய், நல்ல நிர்வாகி ஒருவர் அவரைத் தடைக் குழுவில் சேர்த்த அன்றே ஏஜென்ட்டும் நின்றுவிடும். ஒரு மாற்றமும் செய்யாமலேயே நின்றுபோன ஏஜென்ட்டுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். தனி மனிதர் ஐடியில் கையெழுத்திடாமல், இதற்கென்றே வைத்த ஒரு பொது ஐடியில் கையெழுத்திடுங்கள்.

ஓடத் தொடங்கிப் பாதியில் நின்றால் நேர வரம்பு. வழக்கமான அமைப்பில் பகலில் 10 நிமிடம், இரவில் 15 நிமிடம். வரம்பைக் கூட்டுவதைவிட, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ஏஜென்ட்டை எழுதுவது நல்லது.

கையால் ஓட்டினால் சரி, அட்டவணையில் ஓட்டினால் தவறு என்றால் பெயர் குழப்பம். சர்வரில் ஓடும்போது 'யூசர்நேம்' சர்வரின் பெயரைத் தரும், கையெழுத்திட்டவரின் பெயர் வேண்டுமானால் 'எஃபெக்டிவ்யூசர்நேம்'.

சர்வரை டாமினோ 14-க்கு உயர்த்திய பிறகு ஜாவா ஏஜென்ட் மட்டும் படுத்துவிட்டதா? 2023 டிசம்பரில் வந்த அந்தப் பதிப்பு ஜாவா 8-லிருந்து 17-க்குத் தாவியது. 'ஜே.வி.எம். லிப் எக்ஸ்ட்' அடைவில் நீங்கள் வைத்திருந்த ஜார் கோப்புகளை 'என்டெக்ஸ்ட்' அடைவுக்கு மாற்ற வேண்டும்.

பிழை எண் 91

'ஆப்ஜெக்ட் வேரியபிள் நாட் செட்'. ஏதோ ஒன்றைத் தேடினீர்கள், கிடைக்கவில்லை, கிடைத்ததாக நினைத்து அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் 'ஈஸ் நத்திங்' சோதனை போட்டால் தீர்ந்தது.

ஆனால் இதில் ஒரு வகை ஆளைச் சுற்றலில் விடும். வியூவில் ஒவ்வொரு ஆவணமாகப் போய் நிலையை மாற்றிச் சேமிக்கிறீர்கள். மாற்றியதும் அந்த ஆவணம் வியூவின் தேர்வு விதிக்குள் வராமல் வெளியேறிவிடுகிறது. 'இதற்கு அடுத்தது எது?' என்று அதையே கேட்டால் என்ன பதில் வரும்? சில நேரம் 91, சில நேரம் பிழையே காட்டாமல் பாதியில் முடிவு. ஆவணத்தைத் தொடுவதற்கு முன்பே அடுத்ததை எடுத்து ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள், வியூவின் 'ஆட்டோஅப்டேட்'டை அணைத்துவிடுங்கள்.

வியூ திறக்கவே யுகமாகிறது

திறந்த பிறகும் ஓரத்தில் புதுப்பிக்கச் சொல்லும் வட்ட அம்பு போகவே மாட்டேன் என்கிறதா? தேர்வு ஃபார்முலாவிலோ நெடுவரிசையிலோ @டுடே அல்லது @நவ் இருக்கும். நேரம் நகர்ந்துகொண்டே இருப்பதால் டாமினோ தன் இண்டெக்ஸை எப்போதும் பழையதாகவே கருதும், யார் திறந்தாலும் மறுபடி கட்டும். 'டுடே' என்ற சொல்லைத் தேதியாக மாற்றும் ஃபார்முலாவை வைத்து இதை ஏமாற்றுபவர்கள் உண்டு. வேகம் வரும், ஆனால் காலையில் நேற்றைய பட்டியல் நிற்கும். இரவில் ஓர் ஏஜென்ட் ஓடி 'இன்றைக்கு உரியது' என்ற அடையாளத்தை ஆவணத்தில் வைப்பதும், வியூ அதை மட்டும் பார்ப்பதும்தான் எனக்குப் பிடித்த வழி.

நிஜமாகவே கோப்பு கெட்டிருந்தால்

லாகில் அந்தக் கோப்பின் பெயரோடு சிதைவுப் பிழை வந்தால் மட்டும் பழுதுபார்க்கும் கட்டளைகளுக்குப் போங்கள். வியூ மட்டும் கெட்டது என்றால் வியூவின் இண்டெக்ஸை மறுபடி கட்டும் அப்டால் போதும். ஆவணங்களே கெட்டிருந்தால் ஃபிக்ஸப், அதன்பின் அப்டால், கடைசியில் கோப்பின் காலி இடத்தைச் சரிசெய்யும் காம்பாக்ட்.

டிரான்சாக்ஷன் லாகிங் (மாற்றங்களைத் தனி லாகிலும் எழுதிவைக்கும் முறை) இயங்கும் கோப்பை ஃபிக்ஸப் தானாகத் தொடாது, 'ஜே' விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்து ஓட்டினால் உடனே முழு பேக்கப் எடுங்கள். காம்பாக்ட்டில் சிறிய 'பி'யும் பெரிய 'பி'யும் ஒன்றல்ல. சிறியது காலி இடத்தை உள்ளுக்குள்ளேயே மறுபடி பயன்படுத்தும், பெரியது கோப்பின் அளவைக் குறைக்கும். பெரிய 'பி'யும் நகலெடுத்துச் சுருக்கும் 'சி'யும் கோப்பின் உள் அடையாளத்தை மாற்றிவிடும், எனவே ஆர்கைவ் முறையில் லாக் வைத்திருந்தால் பழைய பேக்கப்போடு புதிய லாக் பொருந்தாது.

இன்னொரு சர்வரில் நல்ல ரெப்ளிகா இருந்தால் நான் இவற்றில் எதையும் செய்வதில்லை. கெட்ட கோப்பை இயங்குதள அளவில் வேறு பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டு, நல்ல பக்கத்திலிருந்து புதிய ரெப்ளிகா எடுத்துவிடுவேன். அப்படி எடுக்கும் சர்வருக்கு, ரீடர்ஸ் ஃபீல்டு உள்ள எல்லா ஆவணத்திலும் பெயராலோ ரோலாலோ உரிமை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் முழு உரிமை நிலையில் ஆவண எண்ணிக்கையை ஒப்பிட்ட பிறகே ஒதுக்கிய கோப்பை அழிக்கிறேன்.